எட்டிப் பார்த்துவிட்டு வந்த தீவு

சொகுசுக் கப்பல் விளம்பரங்களில் வரும் குடும்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? யார் கையிலும் பை இருக்காது. யாரும் வரிசையில் நிற்கமாட்டார்கள். பாட்டி, பேரன், மருமகள் எல்லாரும் ஒரே திசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் குடும்பத்திலிருந்து ஆறு பேர் போனோம். ஆறு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது, கப்பல் ஒரு தீவைத் தொடாமலே திரும்பிய அன்று மட்டும்தான். யாரும் சிரிக்கவில்லை.

கணவர், பதினைந்து வயது மகள், எட்டு வயது மகன், மாமியார், என் அப்பா, நான். அனல்மின் நிலையத்தில் டர்பைன்களோடு காலம் கழித்து ஓய்வுபெற்ற அப்பாவுக்குக் கப்பல் என்றால் எந்திரம். அத்தைக்குக் கப்பல் என்றால் ஆபத்து. மகளுக்கு நீச்சல்குளம், மகனுக்கு எந்நேரமும் ஐஸ்கிரீம். கணவருக்கு அலுவலகத்திலிருந்து யாரும் கூப்பிட முடியாத இடம். எனக்கோ, அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கவேண்டாத நாட்கள். இத்தனை பேருடைய ஆசையையும் ஒரே டிக்கெட்டில் அடக்கிவிடலாம் என்று நம்பவைப்பதுதான் இந்தத் தொழிலின் சாமர்த்தியம்.

அந்தச் சாமர்த்தியத்துக்கு வயது நூற்றுக்கும் மேல். ஆல்பர்ட் பாலின் என்ற ஜெர்மானியக் கப்பல் நிர்வாகி, குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்கப் போதிய பயணிகள் இல்லாமல் கிடந்த ‘அகஸ்டா விக்டோரியா’ என்ற கப்பலை 1891 ஜனவரியில் மத்தியதரைக் கடலுக்குச் சுற்றுலாவாக அனுப்பினார். எங்கும் போய்ச் சேரவேண்டாம், சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் போதும் என்பதற்கும் மக்கள் காசு கொடுப்பார்கள் என்று அப்போது தெரிந்தது. அடுத்து, சுற்றுலாவுக்கென்றே ‘பிரின்ஸெஸின் விக்டோரியா லூயிஸே’ என்ற கப்பலைக் கட்டினார்கள். 1900இல் கடலில் இறக்கப்பட்ட அது, 1906இல் ஜமைக்கா கரையோரம் தரைதட்டி அழிந்துபோனது. இதையெல்லாம் அப்பா எங்களுக்குச் சொன்னது, கப்பல் ஏறுவதற்கான வரிசையில், அத்தையின் காதுபட.

“சம்பந்தி, இதை இப்போதுதான் சொல்லவேண்டுமா?” என்றார் அத்தை.

அந்த வரிசையே ஒரு தனிப் பயணம். பாஸ்போர்ட்டைக் காட்டி, படம் எடுத்துக்கொண்டு, பெட்டிகளை ஒப்படைத்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அட்டை வாங்கும்வரை மதியம் ஓடிவிட்டது. அந்த அட்டைதான் அறைச் சாவி, அடையாளச் சீட்டு, பணப்பை எல்லாம். கப்பலுக்குள் ரூபாய், டாலர் எதுவும் கைமாறுவதில்லை. அட்டையைத் தேய்த்தால் கணக்கில் ஏறிவிடும். எட்டு வயதுப் பையனிடம் அப்படியொரு அட்டையைக் கொடுப்பதற்கு முன் அதில் செலவு உச்சவரம்பு வைக்கச் சொல்லவேண்டும். வரவேற்பு மேசையில் கேட்டால் உடனே செய்து தருவார்கள்; ஆனால் அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

ஏறியதும் முதல் வேலை ஆபத்துக்காலப் பயிற்சி. பெரும்பாலான பயணிகள் அதை ஒரு தொந்தரவாகத்தான் பார்க்கிறார்கள். 2012 ஜனவரி 13ஆம் தேதி இத்தாலியின் ஜிலியோ தீவுக்கருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளுக்கு அதுவரை பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அன்றைய விதி. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாகவேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி கேட்டால் நம் கூடுமிடத்துக்குப் போகவேண்டும். அத்தை அந்த இடத்துக்குத் தானே ஒருமுறை படியிறங்கிப் போய், உயிர்காப்புப் படகின் எண்ணைப் பார்த்து, தன் கைப்பையிலிருந்த சிறு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு பயணம் முடியும்வரை அவர் முகத்தில் பயத்தை நான் பார்க்கவில்லை. பயிற்சியைத் தட்டிக்கழித்தவர்கள்தான் பிறகு காற்றடித்தபோது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பெரியவர்கள் இருவருக்கும் பால்கனி உள்ள, ஒட்டியொட்டி இருக்கும் இரண்டு சிறிய அறைகள். நாங்கள் நால்வரும் ஜன்னலே இல்லாத உள்ளறையில். விலைதான் காரணம், வேறென்ன. உள்ளறையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்: விளக்கை அணைத்தால் விடியலும் கிடையாது, அந்தியும் கிடையாது. கப்பலின் முன்பக்கக் கேமராக் காட்சி தொலைக்காட்சியில் ஒரு சேனலாக வரும். சத்தத்தை அணைத்துவிட்டு அதையே இரவு முழுவதும் ஓடவிட்டோம். திரை கறுப்பாக இருந்தால் இரவு, சாம்பல் நிறமானால் எழுந்திருக்கலாம். ஏமாற்று ஜன்னல்தான். ஆனாலும் நள்ளிரவில் கண் விழித்து, தூரத்தில் இன்னொரு கப்பலின் விளக்கு அந்தத் திரையில் மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால்கனிக்காரர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நிறைய இருந்தது, மூன்றாம் நாளுக்குள் எல்லாம் ஒரே ருசிக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை: பஃபே வாசலில் இருக்கும் கிருமிநாசினித் திரவத்தைத் தடவிக்கொண்டு போய்விடாதீர்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் வாந்தியும் பேதியுமாகப் பலரைப் படுக்கவைக்கும் நோரோவைரஸ், ஆல்கஹால் திரவத்துக்கு அவ்வளவு எளிதில் அடங்காது.

என் முதல் ஏமாற்றம் சாப்பாடு இல்லை. குடும்பமாகச் சேர்ந்திருக்கலாம் என்றுதான் இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டேன். கப்பலோ எங்களை ஏறிய மறுகணமே பிரித்துவிட்டது. எட்டு வயதுக்காரர்களுக்கு ஒரு கூடம், பதின்வயதினருக்கு ஒரு கூடம், பெரியவர்களுக்கு மட்டுமான வெந்நீர்க் குளம், நடனம், ஏலம், சூதாட்டக் கூடம், கடைகள். எல்லா வயதினருக்கும் தனித்தனியே ஆசைகாட்டினால் குடும்பம் எப்படி ஒரு மேசையில் உட்காரும்? மகனைச் சிறுவர் கூடத்திலிருந்து இழுத்துவரவே ஒரு ஆள் தேவைப்பட்டது. கடலைப் பார்க்க உட்கார இடம் தேடினால், நல்ல நாற்காலிகள் எல்லாம் நீச்சல்குளத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன. கடல் எங்கே என்று கேட்கவேண்டியிருந்த கப்பல் அது.

செயற்கைக்கோள் வைஃபைக்குத் தனிக் கட்டணம் என்பதால் நாங்கள் வாங்கவில்லை. இதனால் ஒரு நல்லது நடந்தது. அறைக் கதவுகள் இரும்பு, காந்தம் ஒட்டும். மகள் ஒரு காந்தத்தில் துண்டுக் காகிதம் செருகிக் கதவில் வைத்தாள். அதுவே எங்கள் தபால்பெட்டி ஆனது. “தாத்தாவோடு ஏழாம் தளம்.” “அம்மா, தம்பி சாப்பிட்டுவிட்டான், பொய் சொல்லவில்லை.” “தேடவேண்டாம், நானே வருகிறேன்.” கடைசியில் சொன்னது அத்தை எழுதியது. அவர் கையெழுத்தை நான் பல வருடங்களுக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன்.

துறைமுக நாட்கள் விரைந்து கடக்கவேண்டியவை; எழுத்திலும். காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கதவு வழியாக ஒரு சிறிய ஊரின் மேல் கொட்டப்படுகிறோம். எண் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் நடக்கிறோம். முன்னால் போகிறவரின் முதுகுதான் கண்ணில் படும் காட்சி. சாயங்காலம் குறித்த நேரத்துக்குள் திரும்பவேண்டும். அந்த நேரம் கப்பல் நேரமா கரை நேரமா என்று ஒவ்வொரு முறையும் ஒரு குழப்பம். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர் தாமதித்தால் கையசைத்துவிட்டுப் போய்விடும். அந்த ஊர்க்காரர்கள் எங்களை என்ன நினைத்திருப்பார்கள் என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. வெனிஸ் நகரின் ஜுதெக்கா கால்வாயில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் 2021 ஆகஸ்ட் முதல் நுழையக்கூடாது என்று இத்தாலிய அரசு தடுத்ததன் நியாயம், கப்பலிலிருந்து இறங்கிப் பார்த்தால்தான் முழுதாகப் புரிகிறது.

அந்த 25,000 டன் எடை இல்லை என்பதை அப்பா அத்தைக்கு விளக்கினார். கப்பலின் மொத்த டன்கணக்கு என்பது உள்ளே அடைபட்டிருக்கும் கன அளவிலிருந்து கணக்கிடுவது. டைட்டானிக் 46,000 சொச்சம். 2024இல் பயணிகளோடு புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 2,48,663. “இவ்வளவு பெரிய வீட்டைப் பெருக்குவது யார்?” என்று கேட்டார் அத்தை. கப்பலைப் பற்றி அந்தப் பயணத்தில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே சரியான கேள்வி அதுதான்.

பெருக்கியவர் எங்கள் தாழ்வாரத்து உதவியாளர். காலையிலும் இரவிலும் அறையை ஒழுங்குபடுத்தி, துண்டை மடித்து ஒரு யானையோ முயலோ செய்து கட்டிலில் உட்காரவைத்துவிட்டுப் போவார். மகன் அந்த யானையைப் பிரிக்க விடமாட்டான். ஒரு நாள் துண்டு மடிக்கக் கற்றுக்கொடுக்கும்படி அவரை நச்சரித்தான். அவர் கட்டிலோரம் மண்டியிட்டு, துண்டின் இரண்டு ஓரங்களையும் நடுவை நோக்கி இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை வெளியே இழுத்துத் தும்பிக்கை ஆக்கினார். விரல்கள் வேலையைச் செய்துகொண்டிருக்க, கண் கதவுப் பக்கமே இருந்தது. இன்னும் முடிக்கவேண்டிய அறைகள். ஊரில் அவருக்கு ஒரு மகள், பிறந்தபோது பார்த்தது, இப்போது நடக்கிறாளாம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று 2006இல் ஒன்று உருவானது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாட்களில் 77 மணி ஓய்வு தரவேண்டும் என்கிறது அது. திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தால், ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்க இடமிருக்கிறது என்று பொருள். எங்கள் விடுமுறை யாருடைய முதுகில் ஏறி மிதந்தது என்பதை அந்தத் தும்பிக்கையைப் பார்த்தபோதெல்லாம் நினைத்தேன். கணக்கில் தானாக ஏறும் டிப்ஸ் தவிர, அவர் கையில் தனியாகவும் கொடுத்தோம். அது போதுமா என்றால், போதாது.

இனி அந்தத் தீவு.

இந்தப் பயணத்தையே அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தோம். மகள் மாதக்கணக்கில் படம் சேர்த்து வைத்திருந்தாள். பெரிய கப்பல் ஒட்டி நிற்க அங்கே துறை கிடையாது. தள்ளி நின்று சிறு படகுகளில் ஆட்களை இறக்கவேண்டும். காலையில் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆறு பேரும் நின்றோம். தீவு அவ்வளவு அருகில் இருந்தது. மலைச் சரிவில் ஒரு சாலை, அதில் ஒரே ஒரு வெள்ளை வண்டி திணறிக்கொண்டு ஏறுகிறது. சலவைத்துணி காயும் ஒரு மாடி. நாய் ஒன்று கரையில் ஓடுகிறது. கீழே, முன்னோட்டமாக ஒரு படகை இறக்கினார்கள். கப்பலின் பக்கவாட்டுக் கதவோடு ஒட்டிய மேடைக்கு ஒரு கணம் சமமாக நின்ற படகு, அடுத்த கணம் ஆள் உயரத்துக்குக் கீழே போய்விட்டது. மறுபடி மேலே வந்து மேடையில் மோதிற்று. கதவருகே நின்ற மாலுமி கையைக் குறுக்காக அசைத்தார். படகை மேலே ஏற்றினார்கள். பிறகு கேப்டனின் குரல்: காற்று அதிகம், மன்னிக்கவும், நாம் மேலே பயணத்தைத் தொடர்கிறோம்.

பக்கத்தில் ஒருவர் வழக்குப் போடுவேன் என்றார். போட முடியாது, பயணப் பாதையை மாற்றும் உரிமை கேப்டனுக்கு உண்டு என்று ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இருக்கிறது. இறங்காத துறைமுகத்துக்கான வரியை மட்டும் கணக்கில் திருப்பி வைத்தார்கள். அது மகனின் ஐஸ்கிரீமுக்குச் சரியாகப் போயிற்று.

“இவ்வளவு பெரிய கப்பலுக்கு இந்தக் காற்றா பெரிது?” என்று மகள் கண்கலங்கினாள்.

“பெரியதாக இருப்பதுதான் கண்ணு தொல்லை,” என்றார் அப்பா. “தண்ணீருக்கு மேலே எத்தனை தளம், எண்ணிப் பார். கீழே எட்டு ஒன்பது மீட்டர்தான். மாடியில் காயப்போட்ட போர்வையைக் காற்று தள்ளுகிற மாதிரி இதன் பக்கவாட்டைத் தள்ளும். ஓடும்போது ஆட்டத்தைக் குறைக்க, தண்ணீருக்கடியில் இரண்டு பக்கமும் இறக்கை நீட்டியிருக்கும். நின்றுவிட்டால் அந்த இறக்கைக்கு வேலை இல்லை. தண்ணீர் அதன்மேல் ஓடினால்தானே அது அழுத்தும்?”

மகளுக்குச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் “அப்படியென்றால் வேகமாகப் போனால் ஆட்டம் குறையுமா?” என்று கேட்டாள். கோபத்திலிருந்து கேள்விக்கு வந்துவிட்டால் பாதி வழி வந்ததாக அர்த்தம்.

ஆட்டம் அன்று குறையவில்லை. கணவர்தான் முதலில் விழுந்தார். அலுவலகம் துரத்த முடியாத இடத்தில் அவரை வயிறு துரத்தியது. கப்பலின் ஆட்டம் மிகக் குறைவாகத் தெரிவது நீளவாக்கில் நடுவிலும் கீழ்த்தளத்திலும். அங்கே, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வட்ட ஜன்னல்களோடு ஒரு கூடம் இருந்தது. விளம்பரத்தில் ஒருபோதும் வராத இடம். கடை இல்லை, இசை இல்லை, பழைய சோபாக்கள் மட்டும். அவரை அங்கே உட்காரவைத்து, வரவேற்பு மேசையில் தந்த பச்சை ஆப்பிளைக் கையில் கொடுத்தோம். அவரைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் அத்தை உட்கார்ந்தார். அத்தைக்குத் துணையாக நான். மேலே நீச்சல்குளத்தை வலைபோட்டு மூடிவிட்டதால் பிள்ளைகளும் இறங்கி வந்தார்கள். அப்பா எங்கிருந்தோ ஒரு சீட்டுக்கட்டு கொண்டுவந்தார்.

அன்று முழுவதும் அங்கேதான் இருந்தோம். அலை ஏறும்போது ஜன்னல் வட்டம் பச்சையாகி, இறங்கும்போது வெளுத்தது. பச்சையாகும் ஒவ்வொரு முறையும் மகன் கத்தினான். அத்தை சீட்டில் ஏமாற்றுகிறார் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தோம். வெட்கமே இல்லாமல், சிரித்துக்கொண்டே ஏமாற்றுகிறார். அப்பா தன் மின்நிலையத்தில் ஒரு நள்ளிரவில் டர்பைன் அதிர்ந்த கதையைச் சொன்னார். நான் மகளாகப் பிறந்து இத்தனை வருடத்தில் கேட்டிராத கதை. கணவர் கண்ணை மூடியபடியே, “மாமா, பிறகு என்ன ஆயிற்று?” என்று கேட்டார். இதற்காகத்தான் நான் வந்தேன். தீவு கிடைத்திருந்தால் இது கிடைத்திருக்காது என்று மகளிடம் சொல்லவில்லை, சொன்னால் அடித்திருப்பாள்.

மறுநாள் காற்று அடங்கியது. அதிகாலையில் அத்தையின் பால்கனியில் நானும் அவரும் நின்றிருந்தபோது துறைமுக வழிகாட்டி மாலுமி ஏறுவதைப் பார்த்தோம். துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்த உள்ளூர்த் தண்ணீரை அறிந்த ஒருவர் வருவார். சிறு படகு ஒன்று கப்பலின் பக்கமாக ஒட்டி, நிற்காமல், கப்பலின் வேகத்திலேயே ஓடியது. கப்பலின் அடிப்பகுதியில் ஒரு சின்னக் கதவு திறந்து கயிற்றேணி தொங்கியது. அந்த மனிதர் படகின் விளிம்பில் நின்று, இரண்டு அலையைப் போகவிட்டு, மூன்றாவது தூக்கியபோது ஏணிக்குத் தாவினார். ஐந்தாறு எட்டில் உள்ளே. படகு விலகிப் போய்விட்டது. ஆறு தளங்கள் முழுக்க ஒளிவெள்ளமாக இரவில் நடத்திய எந்த மேடை நிகழ்ச்சியும் அதற்கு ஈடாகவில்லை. “இன்னொரு தடவை காட்டச் சொல்,” என்றார் அத்தை.

இரவில் முன்பக்கத் திறந்த தளத்துக்குப் போகும்படி யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். கப்பலை ஓட்டுகிறவர்களின் கண் இருட்டுக்குப் பழகவேண்டும் என்பதால் அங்கே விளக்குகளைக் குறைத்து வைத்திருப்பார்கள். எங்கள் கப்பலில் அது இரவிலும் திறந்திருந்தது, ஒருவரும் இல்லை. பால்வீதி இவ்வளவு சிதறலாக இருக்கும் என்று மகன் நம்பவில்லை, மேகம் என்றே வாதாடினான்.

இறங்கும் நாளைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. முந்தைய இரவே பெட்டிகளை வாசலில் வைக்கவேண்டும். மாற்றுத்துணியையும் சேர்த்து வைத்துவிட்ட யாரோ ஒருவர் இரவு உடையிலேயே காலைச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். செலவுக் கணக்கைக் கதவிடுக்கில் செருகியிருந்தார்கள். கேட்காமல் எடுத்த படங்களுக்கு அவர்கள் வைத்த விலையைப் பார்த்துவிட்டுப் படங்களை அங்கேயே விட்டுவந்தோம்.

வண்ண வில்லைகளின் வரிசைப்படி இறங்க அழைப்பதற்காகக் கூடத்தில் காத்திருந்தபோது அத்தை மெதுவாகக் கேட்டார்:

“சம்பந்தி, கரையே தொடாமல் போகிற கப்பல் உண்டா?”

“உண்டு சம்பந்தியம்மா. கோடையை ஒரு கடலிலும் குளிர்காலத்தை வேறொரு கடலிலும் கழிக்கிற கப்பல்கள் நடுவில் இடம் மாறும். பெரிய சமுத்திரத்தைக் கடக்கும்போது நாள்கணக்கில் கரையே வராது. கட்டணமும் பெரும்பாலும் குறைவு.”

கணவர் முகம் வெளிறிப்போனது. எந்த மாதங்களில் என்று விசாரித்தார். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் என்றதும், “பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குமே அம்மா,” என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

“நீ பிள்ளைகளைப் பார்த்துக்கொள். மருமகள் என்னோடு வருவாள்,” என்றார் அத்தை.

நான் மறுக்கவில்லை.